'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மைனிங்?' - அரியலூர் வீடுகளில் இன்னும் சாகாத ஒரு பழைய சட்டம்!

அரியலூரைச் சுற்றி சிமென்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். கல் லாரிகளுக்கு வழிவிட்டுத்தான் மாணவிகள் கல்லூரிக்கே போய் வருகிறார்கள். ஆனால், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீட்டில் பேசப்படுவது நர்சிங், டீச்சர் வேலை, மிஞ்சிப்போனால் கம்ப்யூட்டர் சயின்ஸ். மகள் 'மைனிங் இன்ஜினீயரிங்' என்றால், 'குழிக்குள்ள இறங்கப் போறியா?' என்பார்கள். இத்தனைக்கும் அரியலூரில் இருப்பவை திறந்தவெளிச் சுரங்கங்கள்!

பெற்றோரை மட்டும் குறை சொல்ல முடியாது. 1952-ம் ஆண்டின் சுரங்கச் சட்டமே, நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. மேலே என்றாலும் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரைதான். சுரங்கமோ ஷிஃப்ட்டில் ஓடுவது. நைட் ஷிஃப்ட் பார்க்க முடியாதவரை எடுக்க நிறுவனங்கள் யோசிக்கும். வேலை கிடைக்காத படிப்பில் மாணவிகள் சேர மாட்டார்கள். கடைசியில், 'பொண்ணுங்களுக்கு இதுல ஆர்வமே இல்லை' என்று பழி மாணவிகள் மேலேயே விழும்.

நாக்பூரின் சந்திராணி பிரசாத் வர்மா, 1990-களில் நீதிமன்றம் வரை போய்த்தான் இந்தப் படிப்பில் சேர முடிந்தது. நாட்டின் முதல் பெண் சுரங்கப் பொறியாளர் என்று அறியப்படுபவர் அவர். 2019-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. 2021-ல் ஜார்க்கண்டின் சூரி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் பொறியாளராகப் பணியில் சேர்ந்தார் ஆகாங்க்ஷா குமாரி.

பக்கத்து மாவட்டமான பெரம்பலூரின் கதை வேறு. எறையூர் சிப்காட்டில் காலணி ஆலை வந்திருக்கிறது. தமிழகக் காலணி ஆலைகளில் பெண்கள்தான் அதிகம். ஆக, மகள் ஃபேக்டரிக்குப் போவதில் யாருக்கும் பெரிய தயக்கமில்லை. தைக்கிற வரிசையில் உட்காரலாம்; சுரங்கத்தில் பத்துப் பேரை வேலை வாங்கும் அதிகாரியாக நிற்பதுதான் உறுத்துகிறது போலும்!

சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ மைனிங் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவிகள் 7.5% இட ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

'ராத்திரி வேலையாச்சே' என்று வீட்டில் இழுத்தால், 2019 அறிவிப்பின் நிபந்தனைகளை எடுத்துக் காட்டலாம். பெண்ணின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் இரவுப் பணி தரக் கூடாது. ஒரு ஷிஃப்ட்டில் குறைந்தது மூன்று பெண்களாவது சேர்ந்து இருக்க வேண்டும். அந்த மூன்று பேர் கிடைக்க, முதலில் வகுப்பில் மூன்று பேர் சேர வேண்டுமே!