உடலைத் தொட்ட கைகள்

தடயவியல் மருத்துவத்தின் தொடக்கத்தைப் பேசும் கட்டுரைகள் பலவும் ‘முதலில் செய்தது யார்?’ என்ற போட்டியிலேயே முடிந்துவிடுகின்றன. அர்த்தசாஸ்திரம், சீனத்தில் சொங் சி 1247இல் தொகுத்த நூல், 1302இல் இத்தாலியின் பொலோனியாவில் நச்சுக்கொலை ஐயத்தின் பேரில் நடந்த உடற்கூறாய்வு என்று பட்டியல் நீள்கிறது. அந்த உடல்களைத் தொட்ட கைகள் யாருடையவை என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

அர்த்தசாஸ்திரத்தின் நான்காம் அதிகரணம் திடீர் மரணத்துக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்குகிறது. உடலில் எண்ணெய் பூசி ஆராயச் சொல்கிறது. மூச்சடக்கிக் கொல்லப்பட்டவர், நீரில் மூழ்கியவர், நஞ்சால் இறந்தவர் ஆகியோரின் உடற்குறிகளைப் பிரித்துரைக்கிறது. கொன்றபின் தண்டனைக்கு அஞ்சித் தூக்கில் மாட்டியிருக்கலாம் என்றும் எச்சரிக்கிறது. வியக்கத்தக்க நுட்பம்தான். ஆனால், காமத்தாலோ சினத்தாலோ தற்கொலை செய்துகொண்டவரின் உடலைச் சண்டாளரைக் கொண்டு அரசவீதியில் கயிற்றால் இழுத்துச் செல்ல விதிப்பதும் இதே அத்தியாயம்தான். பழம்பெருமை பேசுவோர் முற்பகுதியோடு நிறுத்திக்கொள்கின்றனர்.

நாற்றத்துக்கு அஞ்சி விலகாமல் அதிகாரியே அருகில் நின்று பார்க்க வேண்டும் என்று சொங் சி வற்புறுத்தினார். அவ்வாறு வற்புறுத்த நேர்ந்ததே அன்றைய நடைமுறையைக் காட்டிக்கொடுக்கிறது. உடலைக் கழுவிப் புரட்டியவர்கள் கடைநிலைப் பணியாளர்கள். பின்னர் சிங் அரச காலத்திலும் அத்தொழில் இழிவானதாகவே கருதப்பட்டது.

இந்தியாவில், 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பாடத்துக்காக உடலை அறுத்தது சாதித் தடையை உடைத்த நிகழ்வாகப் போற்றப்படுகிறது. அன்று மருத்துவருக்குத் தடை நீங்கியது, இழிவு நீங்கவில்லை. இன்றும் பல பிணவறைகளில் உடலைத் திறப்பவரும் தைத்து மூடுபவரும் உதவியாளர்களே. அவர்களுள் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கையொப்பம் மட்டும் மருத்துவருடையது. ‘உடல் திறக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வினைக்குள் திறந்தவர் மறைந்துபோகிறார்.

இது பணியாளரின் மதிப்பை மட்டும் பற்றியதன்று, நீதியையும் பற்றியது. கழுத்தில் கவனமின்றி விழும் ஒரு வெட்டு, நெரித்த தடயத்தை அழிக்கலாம். இல்லாத காயத்தை உண்டாக்கவும் செய்யலாம். சான்றின் தரம் அந்தக் கைகளின் பயிற்சியைப் பொறுத்தது. எனவே உதவியாளருக்கு முறையான பயிற்சியும், அறிக்கையில் அவர் பெயருக்கு ஓர் இடமும் வேண்டும். வரலாற்றில் முதலிடம் யாருக்கு என்பதைவிட இதுவே அவசரமான கேள்வி.