பழைய பிக்கப்பில் வெடிச்சத்தம்



1993ஆம் ஆண்டு ரொறன்ரோவில் நாம் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய பிக்கப் வாங்கினோம். வீடு வீடாகப் பத்திரிகை போடவும், வீடு மாறவும் அதுவே துணை. ஈரமான ஒரு விடியற்காலை வாசலில் அது 'படார்' என்று வெடித்தது. ஊரிலிருந்து வந்து ஒரு மாதமேயான எமது அம்மா, பேரப்பிள்ளையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே படுத்துவிட்டார். அன்றே அதைத் திருத்துவதென முடிவெடுத்தோம்.

கராஜ்காரர் ஒருவர் என்ஜினையே மாற்றவேண்டும் என்றார். அவ்வளவு பணம் எங்களிடம் இல்லை. நாமே தேடத் தொடங்கினோம்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பின்னால், சைலன்சர் பக்கமாக வந்தால், எரியாத பெற்றோல் புகைக்குழாயில் போய் எரிகிறது. பிளக், பிளக் வயர், டிஸ்ரிபியூற்றர் மூடி ஆகியவற்றைப் பாருங்கள். புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும், காபரேற்றர் பெற்றோலைக் கூடுதலாக விட்டாலும் இப்படி வெடிக்கும்.

முன்னால், காபரேற்றர் பக்கமாக வந்தால், பெரும்பாலும் பெற்றோல் போதாது அல்லது ரைமிங் பிழை. பெற்றோல் பில்ரரில் அடைப்பு உண்டா, என்ஜினோடு பொருத்திய சிறிய றப்பர் குழாய்கள் வெடித்துள்ளனவா என்று பாருங்கள். அண்மையில் பிளக் மாற்றியிருந்தால், வயர்கள் இடம் மாறியிருக்கலாம். நேர்வரிசை ஆறு சிலிண்டர் என்ஜின்கள் பலவற்றில் வரிசை 1-5-3-6-2-4. உங்கள் வாகனத்தின் கைநூலில் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இருட்டில், வெளியே நிறுத்தி, பொனற்றைத் திறந்து என்ஜினை ஓடவிடுங்கள். பழுதான வயரில் நீலப்பொறி தெரியும். கையால் தொடவேண்டாம், காபரேற்றருக்கு நேரே முகத்தையும் வைக்கவேண்டாம், தீச்சுவாலை வரும். குளிருக்குப் பயந்து மூடிய கராஜினுள் என்ஜினை ஓடவிடவே கூடாது. மணமில்லாத காபன் மொனொக்சைட் வாயு உயிரைப் பறித்துவிடும்.

எமது வண்டியில் டிஸ்ரிபியூற்றர் மூடியில் தலைமயிர் அளவு வெடிப்பு, அதற்குள் ஈரம். மூடியையும் வயர்களையும் மாற்றினோம். சத்தம் நின்றது. என்ஜின் அதே என்ஜின்தான்.

ஆகவே பெரிய செலவுக்குச் சம்மதிக்கமுன் சிறியவற்றைப் பாருங்கள். இன்னொரு கராஜிலும் கேளுங்கள். வண்டியைத் திருத்தும்வரை, அந்தச் சத்தம் என்னவென்று வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நாம் அதைச் சொல்ல மறந்துவிட்டோம்.

அடுத்த இதழில் பிறேக் பற்றிப் பார்ப்போம்.