பாதியில் நின்ற கல்லும் நம் சாக்குப்போக்கும்



பிளாரன்ஸ் நகரில் உள்ள மைக்கேலாஞ்சலோவின் ‘கைதிகள்’ சிலைகளை உவமையாகக் காட்டிப் பிரசங்கிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பாறைக்குள் பாதி புதைந்து நிற்கும் அவ்வுருவங்களைச் சிற்பி வேண்டுமென்றே அப்படி விட்டார், முழுமையின்மையும் ஓர் அழகே என்கிறோம். ராயப்பேட்டையில் நம் பிரசங்க பீடத்திலிருந்து நானும் அப்படிச் சொன்னேன். அது தவறு.

நடந்தது என்ன? அவை போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்காகத் தொடங்கப்பட்டவை. 1505இல் திட்டம் மாபெரியது. 1513இல் போப் மரித்தார். ஒப்பந்தம் மீண்டும் மீண்டும் மாற்றிச் சுருக்கப்பட்டது. 1545இல் கல்லறை சிறிதாக முடிந்தபோது இச்சிலைகளுக்கு அங்கே இடமில்லை. அரைகுறை வடிவிலும் சிற்பி அழகு கண்டிருக்கலாம். ஆனால் வேலை நின்றதற்குக் காரணங்கள் இருந்தன. அவற்றை விசாரியாமல் நாம் உபதேசத்தை ஏற்றிவிட்டோம்.

அவ்வளவு தூரம் போவானேன்? மாமல்லபுரத்தில் பிடாரி ரதங்களைப் பாருங்கள். பல்லவச் சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள். மேற்பகுதி உருப்பெற்றிருக்கிறது; அடிப்பகுதி முரட்டுக் கல்லாகவே நிற்கிறது. அதைப் பார்த்து எவரும் தத்துவம் பேசுவதில்லை; வேலை நின்றுபோயிற்று என்றே சொல்கிறோம். அதுவே நேர்மையான வாசிப்பு.

ஏன் இவ்வளவு கடிந்து எழுதுகிறேன்? நம் சபையின் சகோதரர் ஒருவர், சொத்துப் பிரிவினைக்குப்பின் பதினொரு ஆண்டுகளாகத் தம் தம்பியோடு பேசவில்லை. ஒப்புரவாகும்படி கேட்டபோது, “கர்த்தர் என்னை இன்னும் செதுக்கிக்கொண்டிருக்கிறார், ஐயா. நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்றார். நான் மௌனமானேன். சென்ற மாதம் தம்பி மரித்தார். அவருடைய சம்மதத்தோடே இதை எழுதுகிறேன். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

பிலிப்பியர் முதலாம் அதிகாரம் 6ஆம் வசனத்தைத் திறந்து வாசியுங்கள். தேவன் தாம் தொடங்கியதை முடிக்கிறவர் என்பதே அங்குள்ள நம்பிக்கை. நாம் பாதியில் விட்டதை அவர் ஆசீர்வதிப்பார் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்கமாட்டாமற்போன மனிதனை நம் ஆண்டவர் லூக்கா 14இல் பாராட்டவும் இல்லை.

கல்லுக்குத் தன்னைத்தான் செதுக்கும் வல்லமை இல்லை; நமக்கோ கீழ்ப்படியும் சித்தம் அருளப்பட்டிருக்கிறது. ஆகையால் இந்த வாரம் அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்யுங்கள். அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மறுபக்கத்தில் இருப்பவர் என்றும் காத்திருப்பார் என்று எண்ணாதிருங்கள்.

கர்த்தர் நமக்கு உதவி செய்வாராக. ஆமென்.