எத்தனை சதவீதம் கழிவு?

புத்தகக் கடையின் படியேறும் நம்மவர் கேட்கும் முதற் கேள்வி மாறிப்போய்விட்டது. "புதிதாக என்ன வந்திருக்கிறது?" என்று கேட்பார் அருகிவிட்டனர். "எத்தனை சதவீதம் கழிவு?" என்பதே இன்றைய கேள்வி. எழுதியவர் யார், எதைப்பற்றி எழுதினார் என்பதெல்லாம் அதற்குப் பின்னர்தான்; பலருக்குப் பின்னரும் இல்லை. இதில் குற்றமென்ன, கூட்டிக் கழித்துப் பார்ப்பவன்தானே குடும்பஸ்தன் என்பீர்கள். குற்றம் இருக்கிறது. அக்கேள்வி நம்மூர்க் கடையை மூடுகிறது. நம் வீட்டுப் பிள்ளை படித்திருக்க வேண்டிய நூலை அச்சேறாமலே தடுக்கிறது. உவமைக்காகச் சொல்லவில்லை, கணக்காகவே சொல்கிறேன்.

சென்ற ரமளானின் கடைசிப் பத்தில் ஓரிரவு, தராவீஹ் முடிந்து எங்களூர்ப் புத்தகக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஓர் அறை, மூன்று சுவர்களிலும் அலமாரி, நான்காம் சுவர் தெரு. "பெருநாள் வரை 20 சதவீதக் கழிவு" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார் கடைக்காரர். கை நிறைய ஜவுளிப் பைகளுடன் ஒரு குடும்பம் உள்ளே வந்தது. கல்லூரியில் படிக்கும் மகளுக்கு ஒரு நாவல் வேண்டுமாம். கடைக்காரர் அப்பெண்ணிடம் முன்பு எதையெதைப் படித்தாள் என்று விசாரித்தார். கால்மணி நேரம் நின்று, நான்கு நூல்களை எடுத்து, கதையின் சுவை கெடாதவாறு ஒவ்வொன்றையும் பற்றிச் சொல்லி, கடைசியில் ஒன்றை அவள் கையில் வைத்தார். விலை 300 ரூபாய். கழிவு போக 240.

தந்தையார் கைப்பேசியை எடுத்தார். நூலின் அட்டையைப் படம் பிடித்தார். சற்று நேரம் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "என்ன பாய், இதிலே 195க்குக் கிடைக்குதே! நீங்க 240 சொல்றீங்களே" என்றார்.

"அந்த விலைக்கு எனக்கே வர்றதில்லீங்க பாய்."

"அப்படியா? அப்ப இதிலேயே போட்டுக்கிறோம்" என்று ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தாம்; கோபமாகப் பேசவில்லை; கடைக்காரரை ஏமாற்றுவதாக அவர் நினைக்கவுமில்லை. தேர்ந்து கொடுத்த கால்மணி நேரத்தை இங்கே இலவசமாகப் பெற்றுக்கொண்டு, பணத்தை வேறோரிடத்தில் கொடுத்தார், அவ்வளவுதான்!

கணக்கைப் பாருங்கள். 300 ரூபாய் நூலில் எழுதியவருக்கு வழக்கமாகச் சேருவது 10 சதவீதம், அதாவது 30 ரூபாய். அதுவும் பதிப்பாளர் ஒழுங்காகக் கணக்குக் காட்டினால். கடைக்காரருக்கு மூன்றிலொரு பங்கு கிடைத்தால் அவர் பாக்கியவான். அது 100 ரூபாய். பெருநாளுக்காக அதில் 60ஐ விட்டுக்கொடுத்தால் மீதி 40. வாடகை, மின்கட்டணம், பார்சல் கூலி, உதவிக்கு நிற்கும் பையனின் சம்பளம், கறையான் தின்றது, கைபட்டு அழுக்கானது எல்லாம் அந்த 40க்குள். கைப்பேசி காட்டிய கழிவோ 105 ரூபாய். தம் பங்கு முழுவதையும் தானம் செய்துவிட்டு வெறுங்கையுடன் நின்றாலும் எங்களூர்க் கடைக்காரர் அந்த விலைக்கு வந்துசேர முடியாது.

அப்படியாயின் மற்றவரால் மட்டும் எவ்வாறு முடிகிறது? அவர் புத்தகத்தால் பிழைப்பவரல்லர். இதுதான் சூட்சுமம். அமேசான் 1995இல் விற்கத் தொடங்கியது புத்தகத்தை. நம் நாட்டில் ஃபிளிப்கார்ட் 2007இல் தொடங்கியதும் புத்தகத்தில்தான். புத்தகம் அழுகாது, உடையாது. எங்கே வாங்கினாலும் அதே நூல். அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்புவாரில்லை. வீடுவீடாக முகவரி சேர்க்க இதைவிட நல்ல பண்டம் எது? முகவரிகள் சேர்ந்த பின்னர் தொலைக்காட்சியும் அரிசி மூட்டையும் அதே வழியில் வந்தன. தூண்டில்காரன் புழுவில் இலாபம் பார்ப்பதில்லை.

இவ்வழக்கை நமக்கு முன்பே வழக்காடிப் பார்த்த நாடுகள் உண்டு. பிரிட்டனில் 1900ஆம் ஆண்டு தொடங்கி, பதிப்பாளர் குறித்த விலைக்குக் கீழ் எந்தக் கடையும் புதிய நூலை விற்கலாகாது என்றோர் உடன்படிக்கை இருந்தது. இது வணிகப் போட்டியைத் தடுக்கிறது என்று வழக்கு வந்தபோது, 1962இல் நீதிமன்றம் உடன்படிக்கையின் பக்கமே நின்றது. அது போய்விட்டால் நூல்களை இருப்பில் வைத்திருக்கும் கடைகள் குறையும், வெளிவரும் நூல்கள் குறையும், பெரும்பாலான நூல்களின் விலை கூடும் என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் 1995இல் பெரிய பதிப்பகங்களே விலகிக்கொண்டன. 1997இல் நீதிமன்றமும் கைவிட்டது. வாசகனுக்கு விடுதலை என்று கொண்டாடினர். 1995இல் அந்நாட்டில் 1,894 சுதந்திரப் புத்தகக் கடைகள் இருந்தன. 2016இல் எஞ்சியவை 867.

இடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 2007இல் ஹாரி பாட்டர் வரிசையின் கடைசி நூல் வந்தது. அட்டை விலை 17.99 பவுன். காய்கறியும் சோப்பும் விற்கும் ஆஸ்டா என்னும் பேரங்காடி அதை 5 பவுனுக்குக் கொடுத்தது. சிறிய புத்தகக் கடைக்காரர்கள் என்ன செய்தனர் தெரியுமா? மொத்த வியாபாரியிடம் வாங்குவதைவிட மலிவாயிற்றே என்று, அப்பேரங்காடியின் வரிசையில் தாமே நின்று வாங்கிவந்து தம் கடையில் விற்றனர்! ஓராண்டின் மற்றெல்லா மாதங்களிலும் விலைபோகாத கவிதையையும் வரலாற்றையும் தாங்கி நிற்பது எது? அந்த ஒரேயொரு விலைபோகும் நூலின் வருமானமன்றோ? அதைத்தான் தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துத் தீர்த்தார்கள்.

பிரான்சு வேறு வழியிற் சென்றது. அங்கே ஃப்னாக் என்னும் பெருங்கடை 20 சதவீதக் கழிவு கொடுத்துச் சிறு கடைகளை நெருக்கிக்கொண்டிருந்தது. 1981 ஆகஸ்டில், பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங் பெயரால் வழங்கும் சட்டம் வந்தது. புதிய நூலுக்கு 5 சதவீதத்துக்கு மேல் எவரும் கழிவு தரலாகாது. பாரீசின் பெருங்கடையாயினும் மலையடிவாரச் சிற்றூர்க் கடையாயினும் விலை ஒன்றே. நூல் வெளிவந்து இரண்டாண்டு கடந்து, கடையிலும் நெடுநாள் தேங்கிவிட்டால் விருப்பம்போல் குறைத்து விற்கலாம். இணைய வணிகம் வந்தபோது சட்டம் ஓட்டையாயிற்று. 5 சதவீதத்தோடு அஞ்சற் செலவையும் சேர்த்து விட்டுக்கொடுக்கலாயினர். 2014இல் அதைத் தடுத்தனர். உடனே அமேசான் அஞ்சற் செலவை ஒரு சென்ட் என்று வைத்தது, அதாவது ஒரு யூரோவில் நூறிலொரு பங்கு! அரசு சளைக்கவில்லை. 35 யூரோவுக்குக் குறைந்த நூல்வாங்கலுக்குக் குறைந்தது 3 யூரோ அஞ்சற் செலவு வாங்கியே தீரவேண்டும் என்னும் விதி 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனியிலும் 2002 முதல் இதைப்போன்றதொரு சட்டம் உண்டு. இவையெல்லாம் வணிகம் தெரியாத நாடுகளா?

நம் நாட்டில் அட்டையில் அச்சிடுவது உச்ச விலை. அதற்கு மேல் விற்றால் குற்றம். கீழே எவ்வளவு இறங்கினாலும் கேட்பாரில்லை. விளைவு என்ன? கழிவு கேட்பார்கள் என்று தெரிந்தே விலையைக் கூட்டி வைக்கிறார் பதிப்பாளர். 220க்கு விற்கவேண்டியது 300 ஆகிறது. கைப்பேசிக்காரர் 105ஐக் குறைத்து வள்ளல் ஆகிறார். கழிவு கேட்காமல் வாங்கும் பரம சாது ஒருவர் எங்கேனும் இருந்தால், மற்றவர் கழிவுக்கும் சேர்த்து அவர் பணம் கொடுக்கிறார்.

சென்னைப் புத்தகக் காட்சியிலும் 10 சதவீதம் கொடுக்கிறார்களே என்பீர்கள். 1977இல் அக்காட்சி முதன்முதலாக நடைபெற்றது அண்ணா சாலை மதரஸா-ஏ-ஆஜம் பள்ளி வளாகத்தில் என்பதும், பின்னர்ப் பல ஆண்டுகள் காயிதே மில்லத் பெயரிலமைந்த மகளிர் கல்லூரித் திடலில் நடந்தது என்பதும் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ. அந்தப் பத்துச் சதவீதத்தோடு எனக்குச் சண்டையில்லை. எல்லா அரங்கிலும் ஒரேயளவாகக் கொடுப்பது. ஒருவரை ஒருவர் வீழ்த்தக் கொடுப்பதன்று. ஆனால் அது விதைத்துவிட்ட பழக்கத்தோடு சண்டையுண்டு. "ஜனவரியில் வாங்கிக்கொள்ளலாம்" என்று நவம்பரிலேயே ஊர்க்கடையை விட்டு ஒதுங்குகிறோம். பதிப்பாளரும் ஆண்டின் நூல்களில் பெரும்பகுதியை அந்த இரண்டு வாரங்களுக்கென்றே அவசர அவசரமாக அச்சடிக்கிறார். மெய்ப்புப் பார்க்கக்கூட நேரமில்லை. பக்கத்துக்கு ஐந்து பிழையுடன் வந்த நாவல் என் அலமாரியில் இருக்கிறது. மற்றப் பதினொரு மாதம் கடை திறந்து வைத்திருப்பவர் எதை விற்பார்?

பம்பாய் ஸ்ட்ராண்டை எடுத்துக்காட்டி என்னை மடக்க நினைப்போரும் உண்டு. டி. என். ஷான்பாக் 1948இல் ஸ்ட்ராண்ட் திரையரங்கினுள் தொடங்கிய புத்தகக் கடை கழிவுக்குப் பெயர்போனதுதான். அதன் ஆண்டு விற்பனைக்குக் கூட்டம் அலைமோதியது. புத்தகம் விற்றதற்காகவே 2003இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் அவர் எந்த நூலைத் தருவிக்கலாம் என்று தாமே பார்த்துத் தேர்ந்தார். இன்னாருக்கு இன்ன நூல் பிடிக்கும் என்று அறிந்து எடுத்துக் கொடுத்தார். அக்கழிவு தம் பங்கிலிருந்து ஒருவர் தம் வாசகருக்குக் காட்டிய மரியாதை. அதையும் வீட்டுச் சாமான் விற்போர் வீசும் புழுவையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? அன்றியும், கழிவுதான் கடையைக் காக்கும் எனில் ஸ்ட்ராண்ட் இன்றும் திறந்திருக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் அது மூடப்பட்டது.

இன்னொன்று, கடைகளில் நடக்கும் நூலாசிரியர் சந்திப்புகள். நல்ல காரியம். ஆனால் பேட்டி காண்பவரே நூலைப் படிக்காமல் வந்து, "எழுதும் ஆர்வம் எப்படி வந்தது?" என்று தொடங்குகிறார். கூட்டம் தேநீர் குடித்து, எழுத்தாளருடன் நின்று படம் பிடித்துக்கொண்டு கலைகிறது. நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் அறுபது பேருக்குக் குறையாமல் இருந்தோம். விற்றவை ஏழு பிரதிகள். நாற்காலி வாடகைக்கும் போதாது. வந்திருந்தோரில் சிலர் அங்கேயே அமர்ந்து கைப்பேசியில் அந்நூலுக்கு ஆர்டர் கொடுத்ததையும் கண்டேன்.

இது நமக்கு ஏன் மற்றவரைவிட அதிகம் உறைக்க வேண்டும்? தோப்பில் முஹம்மது மீரான் தம் முதல் நாவலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை 1988இல் சொந்தச் செலவில் வெளியிட்டார். 1997இல் 'சாய்வு நாற்காலி'க்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது எல்லாரும் நம்மவர் என்று மார்தட்டிக்கொண்டோம். பெரிய பதிப்பகமும் விளம்பரமும் பின்னில்லாத அத்தகைய ஒரு முதல் நூலை, பெயரே கேள்விப்படாதவர் கையில், "இதைப் படித்துப் பாருங்கள், உங்கள் ஊர் இதில் இருக்கிறது" என்று வைப்பவர் யார்? எதைத் தேடினீர்களோ அதைத்தான் கைப்பேசி காட்டும். முன்பு வாங்கியதைப் போன்ற ஒன்றைக் காட்டும். பெயர் தெரியாத நூலை எவ்வாறு தேடுவீர்கள்? கடலோர ஊர்களின் பேச்சும் வழக்கும் வேதனையும் எழுதப்படும் நூல்கள் ஆயிரம் படி அச்சாகி, ஊர்க்கடைகளின் அலமாரியில் ஆறு மாதமோ ஓராண்டோ காத்திருந்தே விற்பனையாகின்றன. அந்த அலமாரி போனால் அந்த நூலும் போயிற்று.

நிக்காஹ் விருந்தில் பிரியாணிச் சட்டி எத்தனை என்பதில் பேரம் பேசாத நாம், எழுதிய மனிதர் நேரில் வந்தால் "நமக்கு ஒரு பிரதி அன்பளிப்புத் தரக்கூடாதா?" என்கிறோம். தம் நூலைத் தாமே பதிப்பாளரிடம் விலைகொடுத்து வாங்கித்தான் அவர் நமக்கு அன்பளிக்கிறார் என்பதை அறிவோமா?

ஏழை வாசகனின் கதி என்ன என்று கேட்பது நியாயம். அதற்கு நூலகம் இருக்கிறது. 1948இலேயே நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. பழைய புத்தகக் கடை இருக்கிறது. ஊர்க்கடைக்காரரும் மாதக் கணக்கில் கொடுப்பார். நின்றபடி பாதி நூலைப் படித்துவிட்டுப் போகும் பையனை விரட்டமாட்டார். 105 ரூபாய்க் கழிவால் பயன் பெற்றது, ஆறாயிரம் ரூபாய்க்கு ஜவுளி வாங்கிவந்த அந்தக் குடும்பமேயன்றி ஏழையன்று.

சட்டம் வேண்டும். புதிய நூலுக்கு இரண்டாண்டு வேண்டாம், ஓராண்டேனும் ஒரே விலை என்று தொடங்கலாம். சட்டம் வரும்வரை பதிப்பாளர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. எங்களூர்க் கடைக்கு எந்த விலைக்குக் கொடுக்கிறார்களோ அதே விலைக்குத்தான் பெரிய நிறுவனத்துக்கும் கொடுப்போம் என்று அவர்கள் கூடி முடிவெடுக்கலாம். எடுக்கமாட்டார்கள் என்றும் தெரியும். பெரிய நிறுவனம் ஒரே ஆர்டரில் ஐந்நூறு பிரதி கேட்கிறது. எங்களூர்க் கடை கேட்பது ஐந்து.

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் அக்கடைக்குச் சென்றேன். அந்தப் பெண்ணின் கையிலிருந்து திரும்பிய நாவல் அதே தட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டு 300 ரூபாயை நீட்டினேன். பெருநாள் கழிவு முடிந்துவிட்டது. இருந்தும் பழக்க தோஷத்தால் 30 ரூபாயை எண்ணித் திருப்பிக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். நெடுநேரம் வற்புறுத்தினார். கடைசியில் பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "முழு விலைக்கு வாங்கினீங்கன்னு வெளியிலே சொல்லிடாதீங்க பாய், நான் உங்களை ஏமாத்திட்டேன்னு பேசுவாங்க" என்றார்.