டைம்ஷீட்டில் எட்டு

டிஸ்கி: இது புலம்பல் பதிவு இல்லை, சண்டைப் பதிவு. சண்டை டேமேஜர்களோட மட்டும் இல்லை. என்னோடயும் உங்களோடயும்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா பொட்டி தட்டுற நம்ம எல்லாருக்கும் ஒரு மெயில் வரும். "டைம்ஷீட்டை இன்னைக்குள்ள போடவும், போடாதவர்கள் பட்டியல் மேலிடத்துக்குப் போகும்." உடனே என்ன பண்றோம்? போன வாரத்தை அப்படியே காப்பி பண்ணி ஒட்டறோம். திங்கள் 8, செவ்வாய் 8, புதன் 8, வியாழன் 8, வெள்ளி 8. மொத்தம் 40. சப்மிட். கிளம்பு.

புதன்கிழமை ராத்திரி 8 மணிக்கு ஆரம்பிச்ச கால் அந்த 40ல இல்லை. நியூயார்க்ல இருக்கறவனுக்கு அப்பதான் காலைல காபி நேரம், நமக்கு சாப்பாட்டு நேரம். கால் முடிஞ்சு, அதுல சொன்னதை எல்லாம் திருத்தி, 12 மணிக்கு கேப் ஏறி சோழிங்கநல்லூர் சிக்னல்ல தூங்கி விழுந்ததும் அதுல இல்லை. சனிக்கிழமை ரிலீஸுக்காக வீட்ல லேப்டாப்பை மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருந்ததும் இல்லை. அதெல்லாம் நடக்கவே இல்லை. டைம்ஷீட் சொல்லுது, நடக்கலை.

ஏன் இப்படின்னு ஒரு தடவையாவது யோசிச்சிருக்கோமா? நான் ஆறு வருஷம் யோசிக்கலை.

விஷயம் ரொம்ப சிம்பிள். நம்ம விசிட்டிங் கார்டுல "கன்சல்டன்ட்"ன்னு போட்டிருக்கும். நம்மகிட்ட யாரும் எதையும் கன்சல்ட் பண்ணினதில்லை, அது வேற கதை. பெரிய கம்பெனிகள் விக்கிறது பெரும்பாலும் யோசனை இல்லை, தலை. இத்தனை தலை, இத்தனை மணி நேரம், தலைக்கு இவ்வளவு டாலர். வித்த தலைக்குப் பேரு பில்லிங், விக்காத தலைக்குப் பேரு பெஞ்ச்.

இந்த வியாபாரம் ரெண்டு வகை. ஒண்ணு, மணிக் கணக்கு. கிளையன்ட் நாளைக்கு 8 மணி நேரத்துக்குத்தான் ஒத்துக்கிட்டிருப்பான். ஒன்பதாவது மணிக்குக் காசு வேணும்னா அவன்கிட்ட போய்க் கேக்கணும். கேட்டா "உங்க ஆளு ஏன் முடிக்கலை?"ன்னு திருப்பிக் கேப்பான். ரெண்டாவது, மொத்தத் தொகை. இவ்வளவு வேலை, இவ்வளவு பணம், அவ்வளவுதான். இதுல நாம கூட எழுதற ஒவ்வொரு மணியும் புராஜெக்ட்டோட செலவுல ஏறும், மார்ஜின் குறையும், டேமேஜருக்கு மேல இருக்கற டேமேஜர் அவரைக் காய்ச்சி எடுப்பார். ஆக, ரெண்டு வகையிலயும் ஒன்பதாவது மணி யாருக்கும் வேண்டாத பிள்ளை. ஆனா அந்த மணியில நடக்கற வேலை மட்டும் எல்லாருக்கும் வேணும். இதுக்கு ஒரே வழி, வேலையைச் செஞ்சுட்டு எழுதாம விடறது. அதை நம்ம கையாலயே செய்ய வைக்கறாங்க.

"சரிய்யா, எழுதாட்டி என்ன குடி முழுகிடும்?"னு கேக்கறவங்களுக்கு, முழுகும். எப்படின்னு சொல்றேன்.

ஒரு இன்ஷூரன்ஸ் கிளையன்ட்டுக்கு ஒரு மாட்யூல் பண்ணினோம். எஸ்டிமேஷன் 800 மணி நேரம். நிஜத்துல 1,200 தாண்டிடுச்சு, நான் என் டைரியில கூட்டிப் பார்த்தது. டைம்ஷீட்ல 800. எல்லாருக்கும் பாராட்டு மெயில், ஒரு கேக். ஆறு மாசம் கழிச்சு அதே மாதிரி இன்னொரு மாட்யூல் வந்தது. எஸ்டிமேஷன் போட உக்காந்தப்போ டேமேஜர் பழைய கணக்கை எடுத்தார். "போன தடவை 800ல முடிச்சிருக்கீங்க. இப்போ அனுபவம் வேற இருக்கு. 700 போதும்ல?" என்னால ஒண்ணும் பேச முடியலை. 800ன்னு எழுதினது யாரு? நான்தான். நாம போன வருஷம் எழுதின பொய்தான் இந்த வருஷம் டெட்லைனா திரும்பி வருது. ஆணி அவங்க அடிக்கறதுதான், சுத்தியலை நாமதான் எடுத்துக் கொடுக்கறோம்.

இதைக்கூடத் தாங்கிக்கலாம். இனி சொல்லப்போறதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

அந்த ரெண்டாவது மாட்யூலுக்கு டீம்ல புதுசா ஒரு பொண்ணு வந்தது. விருதுநகர் பக்கம். காலேஜ் முடிச்ச கையோட டிரெயினிங், அது முடிஞ்சதும் நேரா எங்க டீம். முதல் வெள்ளிக்கிழமை டைம்ஷீட்ல உள்ளது உள்ளபடி எழுதிடுச்சு. செவ்வாய் 13, புதன் 12, வியாழன் 13. நான்தான் லீட். அரை மணி நேரத்துல டேமேஜர்கிட்டேருந்து போன்: "என்னப்பா, சொல்லிக் கொடுக்கலையா?" நான் அந்தப் பொண்ணுகிட்ட போய், பெரிய அனுபவஸ்தன் மாதிரி சிரிச்சிக்கிட்டே, "எல்லாத்தையும் எட்டுன்னு மாத்திடும்மா, இங்க அப்படித்தான்"னு சொன்னேன். மாத்திடுச்சு.

அந்த மாட்யூல் ரெண்டு வாரம் லேட். 700ல முடியாதுன்னு எனக்குத் தெரியும், டேமேஜருக்கும் தெரியும். ஆனா அப்ரைசல்ல பெல் கர்வுன்னு ஒண்ணு இருக்கே, யாராவது ஒருத்தர் கீழ போயாகணும். அந்தப் பொண்ணுக்குக் கடைசி ரேட்டிங். காரணம்: "நேரத்தைத் திட்டமிடுவதில் முன்னேற்றம் தேவை." பேப்பர்படி பார்த்தா சரிதானே? நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை பார்த்திருக்கு, வேலையும் முடியலை. பேன்ட்ரி பக்கத்துல என்னை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு. "அண்ணா, 13ன்னு நான் எழுதினேன்ல, அது எங்கயாவது இருக்குமா?"

எங்கயும் இல்லை. நான்தானே அழிக்கச் சொன்னேன்.

2023 அக்டோபர்ல நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கணும்னு சொன்னார். நாமெல்லாம் எப்படிப் பொங்கினோம்! மீம் போட்டோம், கழுவி ஊத்தினோம். நானும்தான். அந்த வாரம் நான் வேலை பார்த்தது அறுபதைத் தாண்டும். டைம்ஷீட்ல? 40.

அதே வருஷம் ஏப்ரல்ல, தொழிற்சாலைகள்ல நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்க வழி பண்ற மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்துல நிறைவேறுச்சு. தொழிற்சங்கங்கள் எதிர்த்தாங்க, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தாங்க, மே 1ஆம் தேதி வாபஸ்னு முதல்வர் அறிவிச்சார். அவங்களால ஏன் எதிர்க்க முடிஞ்சது? தொழிற்சாலையில எட்டு மணிக்கு ஒரு அர்த்தம் இருக்கு. அதைத் தாண்டினா ஓவர்டைம்னு ஒரு கணக்கு இருக்கு. நமக்கு அந்தக் கணக்கே இல்லை. எந்த மசோதாவும் இல்லாம, எந்த அமைச்சரும் கையெழுத்துப் போடாம, ஓஎம்ஆர் முழுக்க 12 மணி நேரம் அமல்ல இருக்கு.

இந்த எட்டு சும்மா வந்த எட்டு இல்லைங்க. சிங்காரவேலர் 1923ல இதே சென்னைக் கடற்கரையில இந்தியாவோட முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1947ல மெட்ராஸ் மாகாணத்துல வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளைக்கு 8, வாரத்துக்கு 48ன்னு வரம்பு வெச்சது. அதுக்கு மேல வேலை வாங்கினா ரெண்டு மடங்கு கூலின்னும் சொன்னது. நாமளே கைப்பட எட்டுன்னு எழுதிக் கொடுத்துட்டா எந்தச் சட்டம் வந்து என்ன பண்ணும்?

சில பேர் சண்டைக்கு வருவீங்க. "ஏசி ரூம், மாசம் பிறந்தா சம்பளம், சித்தாள் வேலை பார்க்கறவங்களைப் பாரு"ம்பீங்க. சித்தாள் சாயங்காலம் அஞ்சரைக்கு மண்வெட்டியைக் கழுவி வெச்சிடறாங்க. அதுக்கு மேல நின்னா காசு கேட்டு வாங்கறாங்க. அந்தத் தைரியம் நமக்கு இல்லைங்கறதுதான் என் கட்சி. "டீ கடையில ஒரு மணி நேரம் அரட்டை அடிக்கறோமே, அது?"ம்பீங்க. நியாயம். அதைக் கழிச்சிட்டு எழுதுங்க. கழிச்ச பிறகும் 55 வந்தா 55ன்னு எழுதுங்க. "டேமேஜர் பாவம், அவரும் சம்பளக்காரர்தான்"ம்பீங்க. சத்தியமா பாவம்தான். ஆனா அவர் மேல சொல்றதுக்கு அவர்கிட்டயும் நிஜக் கணக்கு இல்லையே. அதை நாமதானே கொடுக்கணும்?

யூனியன் சேருங்க, ராஜினாமா பண்ணுங்கன்னு எல்லாம் இந்தப் பதிவுல சொல்லலை. வீட்டுக் கடன் எனக்கும் இருக்கு. நான் கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம். பார்த்த நேரத்தை எழுதுங்க. மாத்தச் சொன்னா, மாத்தச் சொல்றதை எழுத்துல கேளுங்க. உங்களுக்குக் கீழ இருக்கற புதுப் பசங்ககிட்ட "இங்க அப்படித்தான்"னு மட்டும் சொல்லாதீங்க.

ஊருக்கு உபதேசம் பண்ணிட்டுச் சும்மா இருக்கக் கூடாதுன்னு போன வெள்ளிக்கிழமை நான் 57ன்னு போட்டேன். திங்கக்கிழமை காலைல டைம்ஷீட் திரும்பி வந்தது, "சரிபார்த்து மறுபடி சமர்ப்பிக்கவும்"னு. சரிபார்த்தேன், 57தான். மறுபடி சமர்ப்பிச்சேன். டேமேஜர் சீட்டுக்கே வந்துட்டார். "உனக்கு என்னப்பா ஆச்சு, 40ன்னு மாத்திடு." "மாத்திடறேன் சார், 40ன்னு மாத்தச் சொல்லி ஒரு வரி மெயில் அனுப்பிடுங்க"ன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துட்டுப் போயிட்டார்.

இன்னைக்கு வியாழக்கிழமை. மெயில் இன்னும் வரலை. 57 அங்கயேதான் இருக்கு.

அந்தப் பொண்ணோட 13ஐத் திரும்பக் கொண்டுவர என்னால முடியாது. இந்த வாரம் டீம்ல ரெண்டு புதுப் பசங்க சேர்ந்திருக்காங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவங்ககிட்ட என்ன சொல்லப் போறேன்னு மட்டும் தெரியும்.

அடுத்த பதிவு பெஞ்சுலேருந்து வந்தா ஆச்சரியப்படாதீங்க :-)