விற்ற மாட்டின் கயிறு

காங்கேயத்தை அடுத்த கண்ணபுரத்தில் சித்திரை மாதத்தில் கூடும் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பேரம் நாழிகைக் கணக்கில் நடக்கும். ஆனால் விலை முடிந்து பணம் கைமாறிவிட்டால் கயிறும் கைமாறிவிடும். அப்புறம் அந்தக் காளையை ஏரில் பூட்டுவதோ வண்டியில் பூட்டுவதோ வாங்கியவன் இஷ்டம். “காளையை ஓட்டிக்கொண்டு போ, ஆனால் என் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைத்தான் அது குடிக்கவேண்டும்” என்று விற்றவன் சொன்னால் சந்தையே கைகொட்டிச் சிரிக்காதா?

சந்தையில் சிரிப்புக்கிடமாகும் இந்த நிபந்தனையைத்தான், கண்ணாடி பதித்த கடைகளில் கோட்டும் சூட்டும் அணிந்தவர்கள் உலகமெங்கும் விதித்துக்கொண்டிருக்கிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வந்துகொண்டிருக்கிறோம். செல்போனைத்தான் சொல்கிறேன்.

காங்கேயம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் சென்ற ஆண்டு கண்ட காட்சி இது. தேங்காய்க் களம் வைத்திருக்கும் ஒரு பெரியவர், அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் கொண்டுவந்து கொடுத்த போனுடன் வந்திருந்தார். பெட்டியின் பளபளப்புக் கூட இன்னும் போகவில்லை.

“ஏனுங்க தம்பி, நம்ம சிம்மைப் போட்டா எடுக்கவே மாட்டேங்குதே? சிம்மு கெட்டுப்போச்சுங்களா?”

கடைக்காரப் பையன் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “சிம்மு நல்லாத்தானுங்க ஐயா இருக்குது. போன்தான் லாக்குங்க. அங்கத்த கம்பெனி சிம்மைத் தவிர வேற எதையும் எடுக்காதுங்க.”

“காசு குடுத்துத்தானே வாங்குனான்?”

அந்தப் பையனிடம் பதில் இல்லை. அவனிடம் எப்படி இருக்கும்? அது பதில் சொல்லவேண்டியவர்களின் காதில் விழாத கேள்வி. ஆனால் கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான்.

இதில் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். அந்தக் குழப்பத்திலேதான் கம்பெனிகள் குளிர்காய்கின்றன. ஒன்று இயற்கையான தடை. மற்றொன்று செயற்கையான பூட்டு.

இயற்கையான தடை உண்டு, மறுப்பதற்கில்லை. ஒவ்வொரு நாடும் செல்போனுக்கென்று வெவ்வேறு அலைவரிசைகளை ஒதுக்கியிருக்கிறது. நம் நாட்டில் பழைய ஜி.எஸ்.எம். சேவைக்கு 900, 1800 மெகாஹெர்ட்ஸ் என்றால், அமெரிக்காவில் 850, 1900. ஒன்றுக்கென்று மட்டும் செய்த கருவி மற்றொன்றில் ஊமையாகத்தான் இருக்கும். 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் நாலாம் தலைமுறைச் சேவையை மட்டும் வைத்துக்கொண்டு கடை திறந்தபோதும் இதே கதைதான். அந்த வலையில் குரல் செல்வதற்கான ‘வோல்ட்டி’ வசதி இல்லாத போனில், இணையம் வந்தாலும் சாதாரண அழைப்பு வராது. இதற்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. மீட்டர்கேஜ் ரயில் பிராட்கேஜ் தண்டவாளத்தில் ஓடவில்லை என்று எஞ்சின் டிரைவரிடம் சண்டைக்குப் போவாரா யாராவது?

ஆனால் இன்று விற்கும் உயர்ந்த ரகப் போன்கள் பல நாட்டு அலைவரிசைகளை ஒருசேரப் பிடிக்கும்படியே செய்யப்படுகின்றன. பெரியவர் கையில் இருந்த போனும் அப்படிப்பட்டதுதான். தண்டவாளம் சரியாக இருந்தது. எஞ்சின் சரியாக இருந்தது. சக்கரத்தில்தான் யாரோ சங்கிலி மாட்டியிருந்தார்கள். மாட்டியது இயற்கை அல்ல, வியாபாரம்.

இந்தச் சங்கிலியின் துரோகம் புரியவேண்டுமானால் ‘சிம்’ எதற்காகப் பிறந்தது என்று தெரியவேண்டும். 1982-ல் ஐரோப்பிய நாடுகளின் தபால் தந்தி நிர்வாகங்கள் ஒன்றுகூடி ஒரு குழுவை அமைத்தன. நாட்டுக்கு நாடு ஒரு முறை என்றிருந்த செல்போனை, எல்லை தாண்டிச் சென்றாலும் பேசும்படி ஒரே முறைக்குள் கொண்டுவருவது அவர்கள் நோக்கம். அந்த முறையில் முதல் அழைப்பு 1991 ஜூலை 1-ந் தேதி பின்லாந்தில் பேசப்பட்டது. அந்த முறையின் அழகே சிம் அட்டைதான். சந்தாதாரரின் கணக்கு ஒரு சின்னஞ்சிறு அட்டையில் இருக்கும். கருவி வேறு, கணக்கு வேறு. அட்டையைக் கழற்றி எந்தக் கருவியில் போட்டாலும் அது உங்கள் போன். மனிதனைக் கருவியிலிருந்து விடுதலை செய்வதற்காகப் பிறந்த அந்த அட்டையை வைத்தே மனிதனைக் கட்டிப்போட்டுவிட்டார்களே, இந்தக் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்ல!

கம்பெனிகள் தரப்பில் இரண்டு வாதங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றையும் கேட்டுவிடுவோம்.

“போனைக் குறைந்த விலைக்கு, தவணையில் கொடுக்கிறோம். பூட்டாவிட்டால் பாக்கி வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள்” என்பது முதல் வாதம். தவணைக்கு மோட்டார் சைக்கிள் கொடுக்கிறவன், எங்கள் பெட்ரோல் பங்க்கில்தான் எண்ணெய் போடவேண்டும் என்றா டாங்கியைப் பூட்டுகிறான்? கடனுக்குப் பத்திரம் இருக்கிறது. பத்திரத்துக்குக் கோர்ட் இருக்கிறது. சரி, கடன் தீரும்வரை பூட்டு இருக்கட்டும் என்றே வைத்துக்கொள்வோம். கடைசித் தவணை கட்டிய மறுநாள் அது தானாக அல்லவா திறந்துகொள்ளவேண்டும்? வாடிக்கைக்காரன் மனுப்போட்டு, காத்திருந்து, சில இடங்களில் கட்டணமும் கட்டித் திறந்துகொள்ளவேண்டும் என்பது கடன் வசூல் அல்ல. கனடாவில் 2016-ஆம் ஆண்டில் மட்டும், பூட்டைத் திறந்துவிடுவதற்காகக் கம்பெனிகள் வாங்கிய கட்டணம் சுமார் 3 கோடியே 77 லட்சம் கனடிய டாலர்! தாமே பூட்டிய பூட்டைத் தாமே திறப்பதற்கு இந்தக் கூலி.

“திருட்டைத் தடுக்கத்தான்” என்பது இரண்டாவது வாதம். திருட்டுக்கு வேறு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு போனுக்கும் பதினைந்து இலக்க அடையாள எண் உண்டு. களவுபோன போனின் எண்ணைப் பதிவு செய்தால் அதை நாடு முழுவதும் செயலிழக்கச் செய்யும் ஏற்பாடு 2023 மே மாதம் முதல் நம் நாடெங்கும் நடைமுறையில் இருக்கிறது. அது திருடனைப் பிடிக்கிறது. பூட்டோ காசு கொடுத்தவனைப் பிடிக்கிறது.

உலகம் இதைச் சகித்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. அமெரிக்காவில் 2013 ஜனவரியில், புதிதாக வாங்கிய போனின் பூட்டைக் கம்பெனியின் அனுமதியின்றித் திறப்பதே சட்டவிரோதம் என்ற நிலை வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளை மாளிகைக்கு மனுவில் கையெழுத்திட்டார்கள். 2014 ஆகஸ்டில் ஜனாதிபதி ஒபாமா அந்தத் தடையை நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். கனடாவில் 2017 டிசம்பர் முதல் புதுப் போன்கள் பூட்டின்றியே விற்கப்படவேண்டும். பழைய பூட்டையும் கேட்டால் இலவசமாகத் திறந்துவிடவேண்டும். ஜப்பான் 2021 அக்டோபரிலும், பிரிட்டன் அதே ஆண்டு டிசம்பரிலும் பூட்டிய போன் விற்பதைத் தடை செய்தன. நம்மவர் ஏராளமாக வாழும் சிங்கப்பூரிலும் பூட்டிய போன் விற்கக் கூடாது. இத்தனை நாடுகளிலும் செல்போன் கம்பெனிகள் திவாலாகி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டனவா? இல்லையே!

“இதெல்லாம் வெளிநாட்டு வம்பு, நமக்கென்ன?” என்று கேட்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. 2017-ல் நம் நாட்டிலேயே ஆயிரத்தைந்நூறு ரூபாய் முன்பணத்துக்கு ஜியோபோன் வந்தது. ஏழைக்கு எட்டும் விலையில் இணையத்தைக் கொண்டுவந்த பெருமையை அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் போனில் அந்தக் கம்பெனியின் சிம் மட்டுமே பேசும். ஏழையின் கையில் இருப்பதும் பூட்டிய போன்தான். அமெரிக்காவிலிருந்து வந்த விலை உயர்ந்ததும் பூட்டிய போன்தான். இந்த ஒரு விஷயத்தில் கம்பெனிகள் சமதர்மம் காக்கின்றன!

நடுத்தரக் குடும்பத்தவராகிய நம்மிடமும் குற்றம் இல்லாமல் இல்லை. ஒரு புடவைக்கு நூறு கடை ஏறி இறங்குகிறோம். சாயம் போகுமா, சுருங்குமா என்று கேட்கிறோம். திருப்பூரில் பனியன் வாங்கினால்கூடத் தையலைத் திருப்பிப் பார்க்கிறோம். கடல் கடந்து வருகிற போனிடம் மட்டும், ‘ஃபாரின்’ என்ற ஒரு சொல்லுக்கு மயங்கி, ஒன்றும் கேட்பதில்லை. பெட்டிக்குள் படுத்துவிட்டால், யாரோ தெரிந்தவர் மூலம் திருட்டுத்தனமாகத் திறக்க வழி தேடுகிறோம். நம் சொந்தப் பொருளை நாமே திருடன் போலத் திறக்கவேண்டிய இழிவு உறைப்பதே இல்லை.

ஆகவே வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: வாங்கும்போதே ‘பூட்டு உண்டா’ என்று கேட்கட்டும். ‘உண்டு’ என்றால், என்றைக்குத் தானாகத் திறக்கும் என்று எழுத்தில் கேட்கட்டும். எழுதித் தராவிட்டால் கடையை விட்டு இறங்கட்டும். நம் சர்க்காரிடம் நாம் கேட்கவேண்டியதும் பெரிய காரியமல்ல. இந்த நாட்டில் விற்கும் எந்தப் போனும் பூட்டின்றி விற்கப்படவேண்டும். தவணைக்குக் கொடுத்ததானால் பாக்கி தீர்ந்த அன்றே, கேளாமலே, காசு வாங்காமலே பூட்டு திறக்கவேண்டும். பார்லிமெண்டில் ஒரு பக்கத்தில் எழுதி முடிக்கக்கூடிய சட்டம் இது.

“காசு குடுத்துத்தானே வாங்குனான்?” என்று கேட்டாரே, அந்தப் பெரியவருக்குச் சேரவேண்டிய பதில் அந்த ஒரு பக்கம்தான். அதை எழுதும்படி நம்முடைய பார்லிமெண்ட் அங்கத்தினர்களை இன்னும் நாம் கேட்காமல் இருப்பது ஏன்?