படுத்துக்கிட்டே ஜெயிக்கலாம்!

எதிர்க்காத்துல சைக்கிள் மிதிச்சிருக்கீங்களா பாஸ்? பீச் ரோட்டுல, சாயங்கால நேரத்துல, என்னதான் முக்கினாலும் வண்டி நகராது. அப்போ யாரும் சொல்லித் தராமலே நீங்க ஒரு காரியம் செய்வீங்க. குனிஞ்சு, தாடையை ஹேண்டில்பார் பக்கம் கொண்டுபோய், முழங்கையை உள்ளே இழுத்துக்குவீங்க. உடனே வண்டி லேசாகும். ஏரோடைனமிக்ஸ் பேப்பர்ல பாதி சிலபஸ் அங்கேயே முடிஞ்சது! மீதிப் பாதி, 'குனியறதுக்குப் பதிலா படுத்துட்டா என்ன?'ங்கிற கேள்வி.

நக்கல் இல்லீங்க. அப்படி ஒரு சைக்கிள் நிஜமாவே இருக்கு. பேரு ரெகும்பென்ட். நாம 'சாய்வு சைக்கிள்'னு வெச்சுக்குவோம். தாத்தாவோட ஈஸி சேருக்கு ரெண்டு சக்கரம் மாட்டின மாதிரி இருக்கும். முதுகு சாய்ஞ்சிருக்கும், கால் முன்னாடி நீண்டிருக்கும், பெடல் பாதத்துக்கு நேரே எதிரில் இருக்கும். பார்த்தா சுத்த சோம்பேறி வண்டி. ஆனா, சமதரையில் நாம ஓட்டுற சைக்கிளை இது சத்தமில்லாம ஓவர்டேக் பண்ணிடும். எவ்வளவு வேகம், எங்கே வேகம், அப்புறம் ஏன் டூர் டி பிரான்ஸ்ல ஒண்ணுகூட கண்ணுல படலை? இந்த வாரம் அதான் மேட்டர்.

முதல்ல கொஞ்சூண்டு ஃபிசிக்ஸ். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது. சமதரையில் சைக்கிளைத் தடுக்கிறது ரெண்டு பேர்: டயர் உருளும்போது வர்ற உராய்வு ஒண்ணு, காற்று இன்னொண்ணு. மெதுவா போறப்ப காற்று நல்ல பையன். 25 கி.மீ. வேகத்தைத் தாண்டினதும் வில்லனாயிடுவான். வேகம் ரெண்டு மடங்கானா காற்றோட தடை நாலு மடங்கு. அதை ஜெயிக்கத் தேவையான சக்தி எட்டு மடங்கு! அதனால காலில் இன்னும் பலம் சேர்க்கிறதை விட, காற்றுக்குக் காட்டுற உடம்பைச் சின்னதாக்கறதுதான் புத்திசாலித்தனம். நிமிர்ந்து உட்கார்ந்தா நாம ஒரு கதவு. படுத்துட்டா, காற்று பார்க்கிறது ஒரு ஜோடி ஷூவையும் கொஞ்சம் தலையையும்தான்.

இதை எண்ணா பார்க்கணும்னு கால்குலேட்டரை எடுத்தேன். ஒரே ஆள், ஒரே கால், 200 வாட் சக்தி. நல்லா பழகின ஒருத்தர் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவு. இழுவை எண்ணையும் முன்பக்கப் பரப்பையும் பெருக்கி வர்ற அளவை, நிமிர்ந்து ஓட்டுற சாதா சைக்கிளுக்கு 0.6 சதுர மீட்டர், குனிஞ்சு ஓட்டுற ரேஸ் சைக்கிளுக்கு 0.4, தாழ்வான சாய்வு சைக்கிளுக்கு 0.22னு வெச்சுக்கிட்டேன். எல்லாம் தோராயம்தான். விடை என்ன தெரியுமா? சாதா சைக்கிள் சுமார் 28 கி.மீ. வேகம். ரேஸ் சைக்கிள் 31, 32. சாய்வு சைக்கிள் 38! கால் அதே கால். சோறும் அதே சோறு.

'சரிப்பா, மலை வந்தா?'ன்னு கேட்கிறீங்க பாருங்க, அங்கேதான் ஈஸி சேர் கொஞ்சம் இளைக்குது. அதே 200 வாட்டுக்கு 6 சதவீத ஏற்றத்தைப் போட்டுப் பார்த்தேன். ரேஸ் சைக்கிள் 12.6 கி.மீ., அஞ்சு கிலோ கூடுதல் எடையோட சாய்வு சைக்கிள் 12.2 கி.மீ. அந்த வேகத்துல காற்று ஒரு பொருட்டே இல்லை, எடைதான் பேசும். வித்தியாசம் சின்னதுதானேன்னு தோணும். ஆனா என் கணக்குல வராத ஒண்ணு இருக்கு. மேட்டுல மூச்சு வாங்கினா நாம சீட்டை விட்டு எழுந்து நின்னு, மொத்த உடம்பையும் பெடல் மேல ஏத்தி மிதிப்போம். படுத்திருக்கிறவர் எழுந்து எங்கே நிக்கிறது? பின்னாடி இருக்கிற சாய்மானத்தை முதுகால தள்ளித்தான் மிதிக்கணும். அந்த மிதிக்கே தொடை தனியா பழகணும்.

அதனால மலை ஏறுற ரேஸ்ல இது ஜெயிக்காதுன்னா ஒத்துக்கலாம். சமதரை ரேஸ்லகூட ஏன் இல்லை? இதுக்கு விடை ஃபிசிக்ஸ் புக்குல இல்லை. 1934-ல் எழுதின ஒரு ரூல் புக்குல இருக்கு. அந்தக் கதைக்கு பாரிஸ் போகணும்.

பிரான்ஸ்ல ஷார்ல் மோஷேன்னு ஒரு வண்டி செய்யறவர். மகனுக்காக நாலு சக்கர மிதிவண்டி ஒண்ணு செஞ்சார். உட்கார்ந்து மிதிக்கிற குட்டிக் கார்னு வெச்சுக்குங்க. பெரியவங்களே 'எனக்கு ஒண்ணு'ன்னு வந்து நின்னாங்க. அதுக்கு 'வெலோகார்'னு பேர் வெச்சார். அப்புறம் அதையே பாதியா வெட்டின மாதிரி ரெண்டு சக்கரத்துல ஒண்ணு செஞ்சார். அதை ஓட்ட அவர் கூட்டிட்டு வந்த ஆள் பிரான்சிஸ் ஃபோர். சாம்பியன் எல்லாம் இல்லை, ரெண்டாம் நிலை வீரர். இது முக்கியம், ஞாபகம் வெச்சுக்குங்க.

சைக்கிள் உலகத்துல பெரிய கௌரவம் மணி நேரச் சாதனை. தன்னந்தனியா ஒரு மணி நேரம் டிராக்குல சுத்தணும், எவ்வளவு தூரம் போறீங்கன்னு அளப்பாங்க. 1914-ல் ஸ்விட்சர்லாந்தோட ஆஸ்கர் எக் போட்ட 44.247 கி.மீ. பத்தொன்பது வருஷமா அசையாம உட்கார்ந்திருந்தது. 1933 ஜூலை 7-ம் தேதி பாரிஸ்ல ஃபோர் படுத்துக்கிட்டே சுத்தி முடிச்சப்போ தூரம் 45.055 கி.மீ.! பெரிய பெரிய சாம்பியன்களால முடியாததை ஒரு ரெண்டாம் நிலை வீரர் முடிச்சுட்டார்.

அப்புறம் என்ன... பஞ்சாயத்துதான். இது சைக்கிளா, இல்லையா? கூடு கிடையாது, மோட்டார் கிடையாது, ரெண்டு சக்கரம், ஒரு செயின், ரெண்டு கால். ஆனாலும் சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. 1934-ல் கூடி, சைக்கிள்னா என்னன்னு புதுசா இலக்கணம் எழுதிச்சு. பெடல் அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரம், சீட்டு அதுக்கு எவ்வளவு பின்னால்னு எல்லாத்துக்கும் அளவு. அந்த அளவுக்குள்ள வெலோகார் அடங்காது. புது ரூல் அமலுக்கு வந்த தேதி ஏப்ரல் 1. ஜோக் அடிக்கலைங்க, நிஜமாவே ஏப்ரல் 1. மோஷே அதே வருஷம் இறந்துட்டார்.

சங்கத்துப் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, மறைக்கக் கூடாது. ரேஸ்ங்கிறது ஆளுக்கும் ஆளுக்கும்தானே, மெஷினுக்கும் மெஷினுக்கும் இல்லையே? நல்ல வாதம்தான். ஆனா அதே வாதப்படி பார்த்தா கியர், காற்றடைச்ச டயர் எல்லாத்தையும் கழட்டி வெச்சிருக்கணுமே! எனக்குத் தெரிஞ்சு அங்கே காப்பாத்தினது விளையாட்டை மட்டுமில்லை, பழகின உருவத்தையும்தான். இதுல நஷ்டம் யாருக்குன்னா, கடைக்குப் போய் சைக்கிள் வாங்குற நமக்கு. ரேஸ்ல ஓடுற வண்டியைப் பார்த்துத்தான் கடை வண்டி மாறும். ரேஸுக்கே வராத வண்டிக்கு எந்தக் கம்பெனி காசு போட்டு ஆராய்ச்சி பண்ணும்?

ஃபோர் விடலை. 1939 மார்ச் 5-ம் தேதி, சாய்வு சைக்கிளுக்கு மேல காற்றைக் கிழிக்கிற கூடு ஒண்ணு மாட்டிக்கிட்டு மறுபடி வந்தார். ஒரு மணி நேரத்துல 50.537 கி.மீ. நிமிர்ந்த சைக்கிள்ல ஒருத்தர் அந்த 50 கி.மீ. கோட்டைத் தாண்டினது எப்போன்னு சொல்லுங்க பார்ப்போம்? 1984 ஜனவரியில், மெக்சிகோ சிட்டியில, இத்தாலியோட பிரான்செஸ்கோ மோசர். நடுவுல 45 வருஷம்!

கூடுன்னதும் சிலருக்கு மூக்கு வேர்க்கும். 'கூடு போட்டா எல்லாம்தான் பறக்கும்'னு. உண்மைதான், ரெண்டையும் கலக்கக் கூடாது. கூட்டோட கதை தனி உலகம். அமெரிக்காவுல நெவாடா மாநிலத்துல பேட்டில் மவுண்டன்னு ஒரு ஊர். கிட்டத்தட்ட ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி ஒரு நேர் ரோடு. 2000-ல இருந்து அங்கே மனிதக் கால்பலத்துல மட்டும் ஓடுற வண்டிகளுக்கு வேகப் போட்டி நடத்தி வந்தாங்க. பல கிலோமீட்டர் ஓடி வேகம் பிடிச்சு, கடைசி 200 மீட்டரை எவ்வளவு வேகத்துல கடக்கறீங்கன்னு அளப்பாங்க. 2013-ல் நெதர்லாந்தோட டெல்ஃப்ட், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக மாணவர்கள் செஞ்ச வெலோஎக்ஸ் 3-ல் செபாஸ்டியான் போவியர் 133.78 கி.மீ. வேகத்தைத் தொட்டார். 2016-ல் கனடாவோட டாட் ரைகெர்ட், 'ஈட்டா'ங்கிற வண்டியில 144.17 கி.மீ.! நம்ம ஹைவேல கார்கூட அவ்வளவு வேகம் போகக் கூடாது. ஈட்டாவுக்கு முன்னாடி கண்ணாடியே கிடையாது. கண்ணாடி வெச்சா வழவழப்பு கெடும்னு, வெளியே கேமரா, உள்ளே ஸ்கிரீன். படுத்துக்கிட்டு டி.வி. பார்த்துக்கிட்டே உலக சாதனை. எங்க ஹாஸ்டல்ல இதுக்கு ஏகப்பட்ட திறமைசாலிகள் இருக்காங்க!

மணி நேரக் கணக்குலேயும் இதே கூத்துதான். 2022 அக்டோபர்ல இத்தாலியோட ஃபிலிப்போ கன்னா நிமிர்ந்த சைக்கிள்ல 56.792 கி.மீ. போனார். கூடு போட்ட சாய்வு வண்டியில 2016-ல் பிரான்செஸ்கோ ருஸ்ஸோ போனது 92.439 கி.மீ.

கூடு இல்லாம? இதுதான் நேர்மையான ஒப்பீடு, எனக்குப் பிடிச்ச இடமும் இதுதான். கூடு இல்லாத சாய்வு சைக்கிள்ல மணி நேரச் சாதனை 2010-கள்ல சுமார் 57 கி.மீ. வரைக்கும் வந்தது. 'அட, கன்னாவும் கிட்டத்தட்ட அதேதானே, அப்போ என்ன பெருசா வேகம்?'னு டக்குனு முடிவு பண்ணிடாதீங்க. கன்னா ஒலிம்பிக் தங்கம் வாங்கினவர். முழுநேரத் தொழில்முறை வீரர். அவர் பின்னாடி விண்ட் டனல், விஞ்ஞானிகள், விசேஷ சைக்கிள்னு ஒரு பட்டாளமே இருந்தது. சாய்வு சைக்கிள்காரங்க பெரும்பாலும் வார நாள்ல வேற வேலைக்குப் போறவங்க. 1933-ல் ஃபோர் செஞ்ச அதே விஷயம். ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன்ல?

இன்னொரு பக்கமும் ஒண்ணு நடந்துச்சு. கன்னா மாதிரி ஆட்கள் இவ்வளவு வேகம் போறது எப்படி? முன்கையை நீட்டி, முதுகை மேஜை மாதிரி மடக்கி, தலையைத் தோளுக்குள்ள புதைச்சுக்கிட்டு ஓட்டுறாங்க. ரூலுக்குள்ள இருந்துக்கிட்டே முடிஞ்சவரை படுக்கிறாங்க, அவ்வளவுதான். 1993-ல் ஸ்காட்லாந்தோட கிரேம் ஓப்ரீ, வாஷிங் மெஷின் பேரிங் போட்டுத் தானே செஞ்ச சைக்கிள்ல, கையை நெஞ்சுக்கடியில மடக்கிக்கிட்டு மோசர் சாதனையை உடைச்சார். அந்த போஸுக்கும் தடை வந்தது. அவர் அடுத்து கண்டுபிடிச்ச, சூப்பர்மேன் மாதிரி கையை நீட்டிக்கிற போஸுக்கும் தடை!

சரி, உங்களுக்கு ஒண்ணு வாங்கலாமான்னு கேட்டா... தினமும் பஸ் ஸ்டாண்ட் நெரிசல்ல காலேஜுக்குப் போறவங்களா? வேண்டாம். உங்க தலை கார் கதவு உயரத்துக்குக் கீழே இருக்கும், லாரி டிரைவருக்கு நீங்க இருக்கிறதே தெரியாது. வெளிநாட்டுல கொடி கட்டிக்கிட்டு ஓட்டுறவங்க இருக்காங்க. நின்ன இடத்துல இருந்து கிளம்பறப்போ பேலன்ஸ் பண்ணப் புதுசா பழகணும். திரும்பிப் பார்க்க முடியாது, கண்ணாடி வேணும். ஆனா ஆளில்லாத நீளமான ரோடு, எதிர்க்காத்து, நூறு கிலோமீட்டர் பயணம்னா, கழுத்து வலி, மணிக்கட்டு வலி, உட்கார்ற இடத்து வலி எதுவும் இல்லாம உங்களுக்கு முன்னாடி போய்ச் சேர்றவர் ஈஸி சேர்ல வந்தவராத்தான் இருப்பார்.

மெக்கானிக்கல் மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு ஐடியா இல்லாம அலையறீங்களா? பழைய சைக்கிள் ரெண்டு, ஒரு வெல்டிங் பட்டறை, நீளமா ஒரு செயின் போதும். கைடு 'இது சைக்கிளே இல்லையேப்பா'ன்னு சொன்னார்னா, 1934-லயே அதைச் சொல்லிட்டாங்க சார்னு சொல்லுங்க.